பறவை தூங்குகிறது, சத்தம் போடாதீர்

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

என் தூக்கத்தைக் கெடுத்தது நீங்கள்தான். இதை நான் வருத்தத்தில் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். மற்றபடி நான் இங்கே நலம். அங்கே நீங்களும் அத்தையும் அத்தையின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். திட்டாமல் எழுதச் சொன்னாள் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்த இரண்டாவது வேண்டுகோளை என்னால் நிறைவேற்ற முடியாது.

"மாடி பகல் முழுக்கச் சும்மாதான் கிடக்கும், தங்கச்சி பொண்ணு வேலைக்குப் போயிடுவா" என்று உங்கள் பறவை பார்க்கும் குழுவிடம் சொல்லி, சாவியையும் கொடுத்து அனுப்பினீர்கள். மாமா, நான் வேலைக்குப் போவது ராத்திரியில். இந்த மாடிக்குக் குடிவந்த அன்றே அதைச் சொன்னேன், நீங்களும் தலையாட்டினீர்கள். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற குளிர்பதனக் கிடங்கில், நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் நான் கம்பளிக் குல்லாவும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறேன். நீங்கள் பல் விளக்கும் நேரத்தில் விரல் விறைத்து வெளியே வருகிறேன். நடுவில் ஊருக்குப் போக வேண்டிய மீன் பெட்டியெல்லாம் எங்கள் கையைத் தாண்டித்தான் போகிறது. பகலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, ராத்திரியில் உலகத்துக்கு யாரோ சாவி கொடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அது தானாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று. அப்படி இல்லை. சாவி கொடுக்கிறவர்கள் நாங்கள்தான். எங்களுக்கும் தூக்கம் வரும்.

முதல் நாள் நடந்ததைக் கேளுங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து, கடல் பக்கத்துப் பெரிய ஜன்னலுக்குக் கீழே கட்டிலில் விழுந்தேன். தண்ணீரின் வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உடம்பின் குளிர் ஒவ்வொரு விரலாகக் கழன்றுபோகும், பிறகு நான் கழன்றுபோவேன். அப்படிக் கழன்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், கிசுகிசுவென்று பேச்சு கேட்டது. கண்ணைத் திறந்தால் கட்டிலைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள். செத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், படுத்திருக்கிறவளைச் சுற்றி நின்று இப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசினால் வேறு என்ன நினைப்பது? ஆனால் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. செத்திருந்தால் பார்த்திருப்பார்கள். எல்லோர் முகமும் ஜன்னலைப் பார்த்து இருந்தது. டெலஸ்கோப் ஸ்டாண்டின் ஒரு கால் என் இரண்டு காலுக்கும் நடுவில் மெத்தையில் ஊன்றியிருந்தது.

"யாருங்க நீங்க?" என்றேன்.

"அசையாதேம்மா" என்றார் டெலஸ்கோப்பில் கண் வைத்திருந்தவர், திரும்பாமலேயே. "இப்பத்தான் வந்து இறங்கியிருக்கு. நீ எழுந்தா நிழல் தெரியும், மொத்தமும் பறந்துடும்."

"இது என் கட்டில்."

"ரொம்ப நல்ல இடமாப் பார்த்துப் போட்டிருக்கே" என்றார் பக்கத்தில் அகலத் தொப்பி போட்ட அம்மா. மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

"எனக்கு பாத்ரூம் போகணும்ங்க."

"தண்ணி இறங்க ஆரம்பிச்சதும் போயிடலாம்" என்றார் டெலஸ்கோப்.

இவர்தான் உங்கள் குழுவின் தலைவர், பல் டாக்டர். நிஜமாகவே பல் டாக்டர். பறவையின் அலகு நிறம் தெரியவில்லை என்றால் டெலஸ்கோப்புக்குள் பார்த்து, "கொஞ்சம் வாயைத் திற, இன்னும் கொஞ்சம்" என்று முணுமுணுப்பார். பறவைகள் திறக்கின்றன, அதுதான் ஆச்சரியம்.

நான் அசையாமல் கிடந்தேன். என் வீட்டில் (சரி, உங்கள் வீட்டில்), என் கட்டிலில், கடலின் அனுமதிக்காகக் காத்துக்கொண்டு கிடந்தேன். தலையணையில் கழுத்தைச் சாய்த்தால் ஜன்னல் தலைகீழாகத் தெரிந்தது. மாமா, நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், அது அழகாகத்தான் இருந்தது. கடல் ஏறும்போது சேற்றுநிலம் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடுகிறது. காய்ந்த இடம் என்று மிச்சமிருப்பது நம் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த மணல் திட்டு மட்டும்தான். சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த உள்ளான், ஆலா, கடல்காகம் எல்லாம் அங்கே வந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. கொஞ்ச நேரம் இடத்துக்குச் சண்டை. பிறகு ஒவ்வொன்றாக ஒரு காலை மடக்கி, அலகை முதுகுக்குள் செருகிக்கொண்டு தூங்க ஆரம்பிக்கும். அவ்வளவு பேர் சேர்ந்து தூங்குவதை நான் பார்த்ததே இல்லை. திட்டே மூச்சு விடுவதுபோல் இருந்தது. தலைகீழாகப் பார்த்ததில் அவை வானத்தில் தொங்கிக்கொண்டு தூங்குவதாகவும், கடல் மேலேயிருந்து போர்வையாக இறங்குவதாகவும் தோன்றியது. எனக்கும் இமை மூடியது. அப்போது பார்த்து தொப்பி அம்மா உருகினார்.

"பாவம், பனியிலேருந்து வர்றதுங்க. எவ்வளவு அசதியா இருக்கும்!"

"நானும் பனியிலேருந்துதான் வர்றேன்" என்றேன்.

"அப்படியா! எந்த ஊரு?"

"கோல்டு ஸ்டோரேஜ்."

அதற்குள் ஏதோ ஒரு கடல்காகம் காலை மாற்றி நின்றுவிட்டது, அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் வருகிறார்கள். ஒரே நேரத்துக்கு வந்தாலாவது என் தூக்கத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்வேன். கடல் ஏறும் நேரம் தினம் தள்ளிப்போகிறது, என் தூக்கமும் அதன் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி ஓட வேண்டியிருக்கிறது. உங்களுக்கு ஃபோன் செய்தேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, ரொம்ப தூரத்துலேருந்து வர்றாங்க" என்றீர்கள். பறவைகளைச் சொன்னீர்களா டாக்டரைச் சொன்னீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போதாக்குறைக்குத் தெருப் பக்கம் எதிரே கிரில் பட்டறை. நாள் முழுக்க இரும்பு அறுப்பு. மத்தியானம் கொஞ்ச நேரமாவது நிறுத்துங்கள் என்று அந்தப் பட்டறைக்காரரிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன்! "பகல்ல தூங்குறது உடம்புக்கு ஆகாதும்மா" என்று எனக்கு வைத்தியம் சொல்லிவிட்டு, பொறி பறக்க அடுத்த கம்பியை அறுப்பார்.

விளைவு என்ன தெரியுமா? கிடங்கில் நின்றுகொண்டே தூங்கினேன். மீன் பெட்டி அடுக்கில் சாய்ந்து, குல்லாவுக்குள் முகத்தைச் செருகிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். ஒற்றைக் காலில் நின்றேன் என்று என்னோடு வேலை பார்க்கிறவள் சத்தியம் செய்கிறாள். தள்ளுவண்டி வந்து காலில் ஏறாமல் போனது அவள் கத்தியதால்தான். சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை கண்ணு சொருகிச்சு, தூங்குறதுக்கு வீட்டுக்கே அனுப்பிடுவேன். ஒரேயடியா."

"வீட்ல தூங்க முடியலைங்க சார், அதான் இங்க..."

"ஏன், வீட்ல என்ன?"

"பறவை பார்க்குறாங்க சார்."

அதற்குப் பிறகு அவர் என்னை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டார். வேலை போனால் நான் என்ன ஆவேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மா இருக்கிற ஒற்றை அறையில் அண்ணன் குடும்பம் ஏற்கெனவே முறை வைத்துத்தான் புரண்டு படுக்கிறது.

ஆகவே ஒரு முடிவெடுத்தேன். "நான் வேற இடம் பார்த்துக்குறேன் டாக்டர்" என்றேன். "ரொம்ப நல்லது, ஜன்னல் இன்னும் தாராளமாக் கிடைக்கும்" என்றார். எந்த இடம் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பின்பக்க இரும்புப் படியில் ஏறி, நீங்கள் பூட்டித்தான் கிடக்கும் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்த அந்தச் சாமான் அறையைத் திறந்து, அத்தையின் தையல் மெஷினுக்கும் இறக்கை இல்லாத ஃபேனுக்கும் நடுவில் பாய் விரித்தேன். பெரிய அறைக்கும் அதற்கும் நடுவில் அந்தத் தடித்த பழைய கல்சுவர். நல்ல இருட்டு. ஒட்டடை வாசனை. பட்டறைச் சத்தம் மட்டும் எப்படியோ சுற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் யாரும் என் காலுக்கு நடுவில் ஸ்டாண்டு ஊன்றவில்லை.

கொஞ்ச நாள் போனது. ஒரு சாயங்காலம் தூங்கி எழுந்து, குல்லாவை எடுக்கப் பெரிய அறைக்குப் போனேன். ஜன்னலில் ஒருவரும் இல்லை. எல்லோரும் கல்சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தொப்பி அம்மா தொப்பியைக் கழற்றியிருந்தார். பல் டாக்டரின் கண்ணில் தண்ணீர்.

"நின்னுடுச்சு. இவ்வளவு நேரம் பாடிக்கிட்டு இருந்துச்சு, இப்பத்தான் நின்னுது" என்றார். பிறகு ஃபோனில் பதிந்து வைத்ததைப் போட்டுக் காட்டினார். கர்ர்ர்ர் என்று நீளமாக ஒரு உருளல், உருளல் முடிகிற இடத்தில் விக்கல் மாதிரி சின்னதாக ஒரு 'ஹிக்', மறுபடியும் கர்ர்ர்ர்.

"புயல் பறவை" என்றார், கோயிலில் பேசுகிற குரலில். "கைக்குள்ள அடங்கும், அவ்வளவுதான் இருக்கும். வாழ்நாள் பூரா நடுக்கடல்தான். முட்டை வைக்க மட்டும் கரைக்கு வரும். இந்த மாதிரி கல் இடுக்குதான் வேணும். பகல் முழுக்க உள்ளேயே கிடக்கும். ஒண்ணு அடைகாக்கும், இன்னொண்ணு கடலுக்குப் போயிருக்கும். இருட்டினப்புறம் வந்து ஆளை மாத்திவிடும்."

"ஷிஃப்ட்" என்றேன்.

"அழகாச் சொன்னேம்மா! ஷிஃப்ட்தான்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பேசியதை இவர்களில் ஒருவர் காதில் வாங்கியது அதுதான் முதல் தடவை.

மாமா, அந்த 'ஹிக்' எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நான் அம்மாவோடு படுத்த காலத்தில் அம்மா அதை ஃபோனில் பதிந்து வைத்துக்கொண்டு, வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவாள். "இவளை யார் கட்டிக்குவாங்க?" என்று கேட்டு நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். "டாக்டர், அது வந்து..." என்று ஆரம்பித்தேன். "உஷ்!" என்றார்கள் எல்லோரும். "டாக்டர், அந்தச் சுவருக்குப் பின்னால..." "உஷ்ஷ்!" உண்மையைச் சொல்ல முயன்றேன் என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

மறுநாள் காலையில் வேலை முடிந்து வருகிறேன், தெரு முனையில் டாக்டர் குழு பலகை நட்டிருக்கிறது: 'பறவை தூங்குகிறது, சத்தம் போடாதீர்.' மோட்டார் பைக்காரர்கள் இஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். எதிரே பட்டறையில் ஒரு சத்தம் இல்லை. பட்டறைக்காரர் வாசலில் உட்கார்ந்து கம்பிக்குத் துணியால் மெதுவாக, குழந்தைக்குத் துடைப்பதுபோல், துரு துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, அறுக்கலையா?"

"சாயங்காலமாப் பார்த்துக்கலாம்மா. பாவம், வாயில்லா ஜீவன். அதைப் போய் எழுப்புறதா?" என்று கிசுகிசுத்தார்.

எனக்கு வாய் இருந்ததுதான் நான் செய்த தப்பு. வாயைத் திறந்து கேட்டபோது கிடைக்காதது, வாயைப் பிளந்து குறட்டை விட்டபோது கிடைத்தது. என்னோடு வேலை பார்க்கிறவர்கள் தகரக் கூரைக்குக் கீழே, குழந்தை அழுகைக்கும் குழாயடிச் சண்டைக்கும் நடுவில், கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு பகலில் தூங்குகிறார்கள். அவர்கள் வாசலில் எந்த மகராசன் பலகை நட்டான்? ராத்திரி வேலை பார்க்கிறவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் இப்படி ஒன்று நட வேண்டுமென்றால் இந்த ஊரே ஊமையாகிவிடும். அதனால்தான் நட மாட்டேன் என்கிறார்கள். பறவை என்றால் ஒரு தெருவோடு முடிந்துவிடும்.

ஆனால் தூங்கினேன், மாமா. அந்தப் பலகையைத் தாண்டி, படி ஏறி, பாயில் சாய்ந்து, அப்படி ஒரு தூக்கம். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைச் சுமந்தது. கனவில் கரையே இல்லாத ஒரு தண்ணீருக்கு மேலே போய்க்கொண்டிருந்தேன். பாதி நான் தூங்கினேன், மீதி நான் பறந்தேன். கீழே வெள்ளை வெள்ளையாக ஐஸ் பெட்டிகள் மிதந்தன, எதையும் தூக்கி அடுக்க வேண்டியதில்லை. சூப்பர்வைசர் ஒரு பெட்டியின் மேல் நின்று பைனாகுலரில் அண்ணாந்து பார்த்து, நான் என்ன இனம் என்று கண்டுபிடிக்க முடியாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எழுந்தபோது உடம்பில் எடையே இல்லை. அந்த வாரம் கிடங்கில் எனக்குக் கண் சொருகவில்லை. "பறவை என்ன ஆச்சு?" என்று சூப்பர்வைசர் கேட்டார். "நல்லாத் தூங்குது சார்" என்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் நேற்று உங்கள் செய்தி வருகிறது. "குஞ்சு பொரித்துப் பறந்து போகும்வரை மாடியைக் காலி செய்து கொடு. சாமானை எடுக்க நீ வந்து போவதுகூட அதற்கு இடைஞ்சல் என்று டாக்டர் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாவியை அவரிடம் கொடுத்துவிடு." முதலில் ஜன்னலைக் கொடுத்தேன், பிறகு கட்டிலைக் கொடுத்தேன், இப்போது கூரையையும் கேட்கிறீர்கள். அதுவும் யாருக்காக? எனக்காக! எனக்கு இடைஞ்சலாக இருக்கிறேன் என்று என்னையே வெளியே போகச் சொல்கிறீர்கள்! ஆகவே இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன், நீங்கள் இதைக் குழுவில் சத்தமாகவே படித்துக் காட்டலாம்: உங்கள் வீட்டுச் சுவரில் எந்தப் பறவையும் இல்லை. அது நான்தான். நான் காலி செய்தால் உங்கள் பறவையும் காலி. பல் டாக்டரிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்குங்கள், என் கட்டிலைத் திருப்பிக் கொடுங்கள், பலகை மட்டும் அங்கேயே இருக்கட்டும், வேண்டுமானால் 'பறவை' என்பதை அழித்துவிட்டு 'தொழிலாளி' என்று எழுதுங்கள். பட்டறைக்காரர் அன்றைக்கே மெஷினைப் போட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். போடட்டும். யாருக்காக நிறுத்தினோம் என்பதாவது அவருக்குத் தெரிய வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் குறையில்லாத தூக்கம் வாய்க்கட்டும். தூக்கத்துக்கு ஏங்கியவள் வாழ்த்து கட்டாயம் பலிக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மாடியை ஞாயிற்றுக்கிழமை காலி செய்யாத,
உங்கள் தங்கை மகள்.

பி.கு.: கடிதத்தை உறையில் போட்ட பிறகு, ஒட்டாமல் மறுபடி வெளியே எடுத்து இதை எழுதுகிறேன். இன்று எனக்கு வார விடுமுறை. சாமான் அறையில் தையல் மெஷின் மேல் உறையை வைத்து உங்கள் முகவரியை எழுதிக்கொண்டிருந்தேன். மத்தியானம். தெருவில் சத்தமே இல்லை. அந்தப் பக்கத்து அறையில் அவர்கள் இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாத அளவுக்கு அமைதி. முழு விழிப்போடு உட்கார்ந்திருக்கிறேன், கையில் பேனா இருக்கிறது. அப்போது என் முழங்கைக்குப் பக்கத்தில், சுவருக்குள்ளேயிருந்து, கர்ர்ர்ர் என்றது. பிறகு 'ஹிக்'. என்னைக் கிள்ளிப் பார்த்தேன், வாயைக் கையால் பொத்திப் பார்த்தேன். நிற்கவில்லை. கல் இடுக்கில் முகத்தை வைத்தேன். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக மீன் எண்ணெய் நெடி வந்தது. அந்த நெடி என் வேலை உடுப்பில் இருந்து வருகிறது என்றுதான் இத்தனை நாளும் துவைத்துத் துவைத்துப் போட்டேன். டாக்டரின் ஃபோனில் இருப்பது நானா அதுவா என்று இப்போது எனக்கே தெரியவில்லை, மாமா. அது சுவருக்குள் வந்தது எனக்கு முன்னாலா பின்னாலா என்பதும் தெரியவில்லை. எனவே மேலே எழுதியதைக் குழுவில் படித்துக் காட்டாதீர்கள். ஆனால் காலி செய்ய மாட்டேன் என்பது அப்படியேதான் இருக்கிறது. இதுவும் என்னைப் போலத்தான்: ராத்திரி ஷிஃப்ட், குளிர், மீன், பகலில் ஒரு இருட்டு மூலை. நான் இத்தனை நாள் பக்கத்தில் கிடந்ததில் இதற்கு ஒரு இடைஞ்சலும் வரவில்லை, குறட்டைக்குக் குறட்டை பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதையே கேட்டுவிடலாம் என்று கல்லில் வாயை வைத்து, மெதுவாகத்தான், "நீ பாட்டுக்குத் தூங்கு. யாரும் உன்னைக் கிளப்ப மாட்டாங்க. ஆனா நானும் இங்கதான் இருப்பேன். சரின்னு சொல்லு" என்றேன். உருளல் நின்றுவிட்டது. காதை வைத்துக் காத்திருந்தேன். தூரத்தில் கடல் ஏறிக்கொண்டிருந்தது. "சரின்னு சொல்லேன்" என்று மறுபடியும் கேட்டேன்.